சரி பாதி தூரத்தில் ஒரு கணவாய்

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் வீட்டுத் தூக்குவாளி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. போகிக்கு முதல் நாள் பரணை ஒழித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி அதை எடுத்து வந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் மடியில் வைத்தாள். மூடியைத் திறந்தேன். குப்பென்று மாவடு வாசம். எத்தனை தடவை புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்த பாத்திரம்! பத்து மாதம் கழித்தும் உங்கள் வீட்டு மாவடு அந்த மூடியை விட்டுப் போகவில்லை. உங்களைப் போலவே பிடிவாதம்.

“அடுத்த வீட்டுச் சாமான். அவங்க பேரு வேற வெட்டியிருக்கு. எத்தனை நாளைக்கு நம்ம வீட்டுல வெச்சிருக்கிறது?” என்றாள்.

“சரி, பஸ்ஸுல போய்க் குடுத்துட்டு வாரேன்.”

“பஸ்ஸுலயா? இது வந்த வழி பஸ்ஸா?” என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு உள்ளே போய்விட்டாள். நான் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்த மடலை அன்றைக்கே மனசுக்குள் ஆரம்பித்துவிட்டேன். பேனா பிடிக்க இன்றுதான் நேரம் வந்தது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி. முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன், ஸ்டேஜ் ஸ்டேஜாகத்தான் போகத் தெரியும்.

என் மகள் உங்கள் மூத்த மகனைக் கட்டி நாலு வருஷம் ஆகியிருந்தது. நம் பேத்திக்குக் காது குத்து வைத்தீர்கள். மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தேன். உங்கள் பங்காளிகள் பெயர் இருந்தது. அத்தைமார் பெயர் இருந்தது. இலுப்பூர்க் கடைவீதியில் உங்கள் கயிற்றுக்கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் பெயர்கூட இருந்தது. தாய்மாமன் பெயர் மட்டும் இல்லை. பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்த வேண்டியவன், சீர்த்தட்டோடு வரவேண்டியவன், குவைத்தில் லீவு கேட்டு வாங்கி டிக்கெட் எடுத்துவிட்ட என் மகன், அவன் பெயரைக் காணோம். நம் பக்கத்தில் இதைவிட ஒரு குடும்பத்தை மட்டம் தட்ட முடியுமா சொல்லுங்கள்.

அன்றைக்கே உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் சம்சாரம், பாவம், வந்த விஷயம் தெரியாமல் இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டார். அந்த இலையைத் தாண்டி எழுந்து வாசலுக்கு வந்து, தெருவில் பத்துப் பேர் பார்க்க, பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலில் கத்தினேன்.

“இனிமே இந்த வீட்டுல கை நனைச்சேன்னா நான் மனுசனே இல்ல!”

நீங்கள் வாசற்படியில் நின்று ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு இன்னும் கோபம். எதிரே நிற்கிறவன் பதில் பேசாவிட்டால் சண்டைக்காரனுக்குப் பாதி உயிர் போய்விடும்.

காது குத்து நின்றுபோனது. எட்டு மாதம் பேச்சு வார்த்தை கிடையாது. நான் வந்து கூப்பிடாமல் நீங்கள் பெண்ணை அனுப்ப மாட்டீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நீங்கள் வந்து சமாதானம் சொல்லாமல் நான் படியேற மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். நடுவில் என் மகள்தான் கிடந்து அல்லாடினாள். ஒருநாள் போனில், “அப்பா, நீங்க ரெண்டு பேரும் ஜெயிச்சுக்கங்க. நான் எந்த வாசல்ல போய் நிக்கிறது?” என்று கேட்டாள். அழவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. ஆனாலும் ரோஷம் விடவில்லை.

அப்புறம்தான் உங்கள் போன் வந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை.

“நான் அங்கிட்டு வரமாட்டேன். நீங்க இங்கிட்டு வரமாட்டீங்க. நடுவுல உப்புக் கணவாய் இருக்கு. ஞாயித்துக்கெழம ஒம்பது மணிக்கு மேல சொமதாங்கிகிட்ட வந்துருங்க. ரெண்டு பேருக்கும் சரி பாதி தூரம். யாரும் யாரு வாசலுக்கும் போனதா ஆகாது.”

வைத்துவிட்டீர்கள். இப்படி ஒரு யோசனை வேறு யாருக்கு வரும்!

எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் நின்று மேற்கே பார்த்தால் ரெண்டு மொட்டைப் பாறை தெரியும். நடுவில் ஒரு பள்ளம். அதுதான் கணவாய். கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் பொதிமாட்டில் ஏறிப் போன வழி, திரும்பும்போது பருத்தியும் மிளகாயும் இறங்கி வந்த வழி என்று சொல்வார்கள். வண்டிச் சக்கரம் உருண்டு உருண்டு பாறையிலேயே ரெண்டு தடம் விழுந்திருக்கிறது. தார் ரோடு மலையைச் சுற்றிப் போக ஆரம்பித்ததும் அந்த வழியை எல்லாரும் மறந்தாயிற்று. ஆடு மேய்க்கிறவர்களுக்கு மட்டும் அது வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருமுறை உச்சிவரை ஏறியிருக்கிறேன். அந்தப் பக்கம் இறங்கியதில்லை. நான் போன பஸ்ஸெல்லாம் மலையைச் சுற்றித்தான் போயின.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எனக்கு அர்ச்சனை. “பேசி முடிக்காம வாசப்படி ஏறாதீங்க,” என்று சொல்லித்தான் அனுப்பினாள். கோபத்தில் சோற்று மூட்டையைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டேன். சட்டைப் பையில் சாட்சிக்கு அந்தப் பத்திரிகை, நாலாக மடித்து. கழுத்தில் பழக்க தோஷத்துக்கு விசில். முக்கால் மணி நேரம் ஏற்றம். வியர்த்து விறுவிறுத்து, கடைசி வளைவில் நின்று, நான் வருகிறேன் என்று தெரியட்டும் என்று ரெண்டு விசில் கொடுத்தேன்.

மேலே வந்தால் நீங்கள் சுமைதாங்கிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். தலை சீவியிருக்கிறது. சட்டை மடிப்புக் கலையவில்லை. ஒரு பொட்டு வியர்வை கிடையாது. பக்கத்தில் ஒரு தூக்குவாளி, ஒரு மஞ்சள் பை.

“இப்பத்தான் வந்தேன்,” என்றீர்கள்.

ரெண்டு கல் நட்டு மேலே ஒரு பலகைக் கல். நெஞ்சு உயரம். தலைச்சுமையோடு வருகிறவன் இன்னொருவர் கை தேடாமல் தானே சுமையை இறக்கி வைக்க வைத்த கல். நீங்கள் தூக்குவாளியை அதன்மேல் வைத்தீர்கள். நான் பத்திரிகையைப் பிரித்து அதன் பக்கத்தில் வைத்தேன். என் வயிறு இரைந்தது. கேட்டிருக்கும் உங்களுக்கு.

“சாப்புடுங்க.”

“ஒங்க வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

நீங்கள் எழுந்து நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தீர்கள். “இது எங்க வீடா? வாடகைக்குக்கூட நான் எடுக்கலயே!”

சம்பந்தி, எட்டு மாதக் கோபத்தை உதட்டைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். அந்த இடத்தில் விட்டுவிட்டேன். சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. பாறை இடுக்கில் சுனை இருந்தது. போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். தயிர்ச்சோறும் மாவடுவும். தூக்கின் மூடியில் எனக்குப் போட்டு, தூக்கிலேயே நீங்கள் சாப்பிட்டீர்கள். பாதி சாப்பாட்டில் உங்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூல் போட்ட தாளை எடுத்து என் பத்திரிகை மேல் வைத்தீர்கள். உங்கள் கையெழுத்து. பிரஸ்ஸுக்குக் கொடுத்த எழுத்துப்படி. முதல் வரியிலேயே, கொட்டை எழுத்தில், தாய்மாமன் என்று என் மகன் பெயர்.

“இருக்குதே!” என்றேன்.

“எழுதுனது நான். அச்சுக் கோக்கயில அவங்க விட்டுட்டாங்க. புரூப் பாத்ததும் நான்தான்.” சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னீர்கள். “கண்ணாடியக் கடையிலயே வெச்சுட்டுப் போயிட்டேன். பிரஸ்காரர் நீட்டுறாரு. எழுத்து தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நல்லா இருக்குன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

கண் தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு ஒரு மனுஷன் ரெண்டு குடும்பத்தை எட்டு மாதம் பிரித்து வைத்திருக்கிறான்! புரையேறும்வரை சிரித்தேன். நீங்கள் என் தலையில் தட்டினீர்கள். “சிரிக்காதீங்க. வீட்டுல யாருக்கும் தெரியாது.”

“அன்னைக்கே வாசல்ல சொல்லியிருக்கலாமுல்ல?”

“நீங்க எங்க பேச விட்டீங்க?”

அதுவும் நியாயம்தான். இன்றுவரை யாரிடமும் நான் சொல்லவில்லை.

புதுப் பத்திரிகைக்குப் புரூப் பார்த்தது நான். புள்ளி, கமா முதற்கொண்டு. உங்கள் குலதெய்வக் கோயிலில் என் மகன் மடியில் உட்கார்ந்து நம் பேத்தி கத்திய கத்தல் மலை தாண்டிக் கேட்டிருக்கும். கோயில் சாப்பாடு கணக்கில் வராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, மூன்று தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனால் வீட்டில் மட்டும் உட்காரவில்லை. பத்துப் பேர் நடுவில் விட்ட வார்த்தை. நான் ஒரு முட்டாள், ஒத்துக்கொள்கிறேன். மகளைப் பார்க்க வருவேன், பேத்தியைத் தூக்கிக் கொஞ்சுவேன், “சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்” என்பேன், இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு வீடு வருவேன். என் வீட்டுக்காரிக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. “வார்த்தைய விட்டது நீங்க. எனக்கென்ன?” என்று உங்கள் வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவாள். மகள் ஒருதடவை கையில் கரண்டியோடு நின்று, “என் கையால ஒரு வாய் சாப்பிட ஒங்களுக்கு ஒரு மலை வேணுமாப்பா?” என்று கேட்டாள். பேத்தியின் தோட்டைத் திருகிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வற்புறுத்தவே இல்லை. “வார்த்தைய மாத்த வேணாம். மலைதான் இருக்குல்ல,” என்றீர்கள். அப்படித்தான் மாதத்தின் கடைசி ஞாயிறு நமக்கு வழக்கமானது. முதல் நாள் உங்கள் தூக்கு என் கையோடு வந்துவிட்டது. என் வீட்டுக்காரி அதை வெறுமனே திருப்பிக் கொடுப்பாளா? மறுமாதம் புளிச்சோறும் பருப்புத் துவையலும் வைத்து அனுப்பினாள். அதே நாள் நீங்கள் இன்னொரு தூக்கோடு வந்திருந்தீர்கள். காலிப் பாத்திரம் கொடுக்கக் கூடாது என்று ரெண்டு வீட்டுப் பெண்களும் பிடித்த பிடியில், ஆறு வருஷம் நம் ரெண்டு பேருக்கும் லீவே கிடைக்கவில்லை.

என்ன பேசினோம் என்று யோசித்தால் ஒன்றும் பெரிதாக நினைவு வருவதில்லை. பொதிமாட்டுக்காரர்கள் எதிரெதிரே வந்து அந்தக் கல்லில் சுமை இறக்கினால், எந்தக் கிணறு வற்றிவிட்டது, எந்தச் சந்தையில் என்ன விலை என்று சேதி மாற்றிக்கொள்வார்களாம். நீங்கள் சொன்னது. நிஜமோ, நீங்களே கட்டிய கதையோ! உட்கார்ந்ததும், “சொல்லுங்க, அங்கிட்டு என்ன சேதி?” என்பீர்கள். நான் மழை, கண்மாய், எந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், யார் வீட்டில் என்ன சண்டை என்று ஒப்பிப்பேன். நீங்கள் நைலான் கயிறு வந்து தேங்காய்நார்க் கயிற்றின் வியாபாரம் படுத்ததைச் சொல்வீர்கள். சொல்லும்போதே துண்டின் முனையில் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருப்பீர்கள். ரெண்டு விரலில் போடுகிற முடிச்சு, என்ன இழுத்தாலும் நழுவாது. எனக்குக் கடைசிவரை வரவில்லை.

சுனைக்கு மேலே பாறையில் வெட்டியிருந்த பழைய எழுத்து நினைவிருக்கிறதா? கண்ணாடி போடாமல் அதை நீங்கள் வாசிப்பீர்கள். “ஸ்வஸ்திஸ்ரீ. இக்கணவாயில் கண்டக்டர்கள் உட்கார்ந்து வாயடிக்கலாகாது.” ஒருநாள் புதுக்கோட்டையிலிருந்து காலேஜ் பிள்ளைகள் பத்துப் பேர் தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக ஏறி வந்தார்கள். ஒரு பெண் உங்களிடம் வந்து, “தாத்தா, இது என்ன எழுதியிருக்குன்னு ஊருல யாராவது சொல்லுவாங்களா?” என்று கேட்டாள். நீங்கள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் அதையே வாசித்தீர்கள். அந்தப் பெண் நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டாள்! நான்தான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

அந்த வியர்வை விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நான் நனைந்த கோழி மாதிரி வந்து சேர்வேன், நீங்கள் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பீர்கள். “என்ன சம்பந்தி, ஒங்க பக்கம் சொகமான வழி போல? நான்தான் மாசாமாசம் செத்துப் பொழைக்கிறேன்,” என்று எத்தனை தடவை அலுத்துக்கொண்டிருக்கிறேன்! “வயசாயிருச்சு ஒங்களுக்கு,” என்பீர்கள். என்னைவிட ரெண்டு வயசு மூத்தவர் பேசுகிற பேச்சு. “ஒருதடவ ஒங்க பக்கம் எறங்கிப் பாக்கவா?” என்றால், “அங்கிட்டு என்ன இருக்கு, முள்ளுக்காடு. எல்லாம் சரி பாதிதான்,” என்று என் தூக்கைக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். நான் வளைவு திரும்பி மறையும்வரை அங்கேயே நின்று கையாட்டுவீர்கள். உங்கள் பக்கம் நீங்கள் இறங்கி நான் பார்த்ததே இல்லை.

பங்குனியில் உங்கள் கடையில் யாருக்கோ கயிறு அளந்து கொடுத்துக்கொண்டிருந்தவர், கொஞ்சம் உட்காருகிறேன் என்று உட்கார்ந்தீர்களாம். அவ்வளவுதான். கார் பிடித்து ரோட்டு வழியாக வந்தேன். மாலை போட்டேன். சுடுகாடுவரை வந்தேன். பதினாறாம் நாள் பந்தியில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்து இலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி பந்தலின் பின்பக்கம் போய், அப்படியே பஸ் ஏறிவிட்டேன். மாப்பிள்ளை பழைய கோபம் என்று நினைத்திருப்பார். கோபம் இல்லை சம்பந்தி. நீங்கள் இல்லாத வீட்டில் முதல் கை நனைப்பது உங்கள் கருமாதிச் சோற்றிலா? அது என்னால் முடியவில்லை. உயிரோடு இருந்தபோது ஒருநாள் வந்து உட்கார்ந்திருக்கலாம். ஆறு வருஷம் இருந்தது. நான் உட்காரவில்லை.

அதற்கப்புறம் மகள் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

தை மாதக் கடைசி ஞாயிறு. என் வீட்டுக்காரி விடிந்ததும் புளிச்சோறு கிண்டித் தூக்கில் அழுத்தி, மேலே துவையலை வைத்து மூடி, என் கையில் கொடுத்தாள். வழக்கமான முக்கால் மணி நேரம். கடைசி வளைவில் விசிலை வாயில் வைத்துவிட்டு, ஊதாமல் எடுத்துவிட்டேன்.

கல்லின் மேல் தூக்கை வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கிட்டு என்ன சேதி என்று கேட்க ஆளில்லை. நானாகவே சொல்லிப் பார்த்தேன். மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்திருக்கிறது. எங்கள் ஊருக்கு மினி பஸ் விட்டிருக்கிறார்கள். ஒரு ஓணான் மட்டும் தலையை ஆட்டியது. எழுந்து, அறுபத்தாறு வயசில் முதல்முறையாக, உங்கள் பக்கம் இறங்கினேன்.

அட, பாவி மனுஷா!

அது வழியா? இருபதடி போனதும் வண்டித்தடம் இடிந்து பள்ளத்தில் கிடந்தது. அதற்குக் கீழே செங்குத்தாக ஒரே பாறை. கால் வைக்கச் சின்னச் சின்னக் குழி வெட்டியிருக்கிறது, அவ்வளவுதான். திரும்பிவிடலாம் என்று நினைத்தபோதுதான் பக்கத்திலிருந்த ஆத்தி மரத்தைப் பார்த்தேன். அடிமரத்தில் ஒரு கயிறு. பாறையோடு ஒட்டிக் கீழே போகிறது. கைப்பிடிக்கு முழத்துக்கு ஒரு முடிச்சு. முடிச்சைப் பார்த்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. தூக்கைத் துண்டில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு, உங்கள் முடிச்சு ஒவ்வொன்றாகப் பிடித்து இறங்கினேன். ஒன்றுகூட நழுவவில்லை. உங்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இறங்கினேன். கண் வேறு கலங்கித் தொலைத்தது.

கீழே இறங்கினால் முடிந்ததா? கருவைக்காடு. அதைத் தாண்டினால் பொட்டல். பொட்டலைத் தாண்டினால் ஓடை. ஓடைக் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தது.

“கயித்துக்கடைக்காரரு வழியில வாரீங்களே! மாசத்துல ஒருநாளு வெள்ளன, ஆடு தொறக்கும் முன்னாடியே அந்தப் பக்கம் போவாரு. ஒடம்பு சரியில்லயா அவருக்கு? ஆளயே காணோம்.”

சொன்னேன். “அடடா,” என்று கம்பை ஊன்றி நின்றது. “எங்கதான் போவாரு அம்புட்டு வெள்ளன?”

“என்னப் பாக்க,” என்றேன். சொல்லும்போதே எனக்குக் கணக்கு ஓடியது. முப்பது வருஷம் ஸ்டேஜ் எண்ணியவன் நான். கண்டக்டரை ஏமாற்றி ஓசியில் போக ஆளே கிடையாது என்று மார்தட்டியவன். ஓடையைத் தாண்டி உங்கள் வாசலுக்கு வந்தபோது உச்சியிலிருந்து ரெண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது, அதுவும் இறக்கத்தில். எனக்கு முக்கால் மணி நேரம். ஆறு வருஷமாகச் சரி பாதி!

உங்கள் வாசலில் நின்றபோது சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும். உங்கள் சம்சாரம் முதலில் தூக்கைப் பார்த்தார், அப்புறம் என் சட்டையைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். அதே மஞ்சள் பை. ஆறு வருஷம் நீங்கள் என் எதிரில் திறக்காத பை.

“மாத்திக்கங்க அண்ணே. சலவை பண்ணதுதான். மலைக்குப் போறப்ப எப்பவும் ஒரு சட்டை இதுல வெச்சுக் குடுத்துருவேன். மேல போய் ஈரத்தக் காயவிட்டு, இதப் போட்டுக்கிட்டு, தலையச் சீவிக்கிட்டு ஒக்காருவாங்களாம். ஒங்க விசில் சத்தம் கேட்டாத்தான் சீப்பையே எடுப்பாங்களாம்.” சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. ரெண்டும்தான் என்று நினைக்கிறேன்.

நான் வேறு ஆறு வருஷமாக விசில் அடித்து உங்களுக்கு சிக்னல் கொடுத்திருக்கிறேன்!

சட்டையை மாற்றிக்கொண்டு வந்தபோது கூடத்தில் இலை போட்டிருந்தது. மகள் கரண்டியோடு கதவோரம் நின்றாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டு நான் மறுத்தால் என்ன செய்வது என்று பயந்துகொண்டு நின்றாள். என் பெண் என் முன்னால் பயந்து நிற்பதைப் பார்த்தேன். நேரே வாசலுக்குப் போனேன். அவள் முகம் சுருங்கியது. கிளம்புகிறேன் என்று நினைத்துவிட்டாள். தெருவில் விட்ட வார்த்தையைத் தெருவில்தானே எடுக்க வேண்டும்? பழைய குரலிலேயே கத்தினேன்.

“எல்லாரும் கேட்டுக்கங்க! நான் இன்னைக்கு இந்த வீட்டுல கை நனைக்கிறேன்!”

எதிர்வீட்டு அம்மா முறத்தோடு எட்டிப் பார்த்தது. “நனைச்சுட்டுப் போங்களேன். அதுக்கு எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க?”

அன்றைக்கு நான் போட்ட கூச்சல் அந்தத் தெருவில் ஒருவருக்கும் நினைவில்லை சம்பந்தி. அதை மறக்காமல் தூக்கிச் சுமந்த ஒரே மடையன் நான்தான்.

உட்கார்ந்தேன். மகள் சோறு போட்டாள். இலைக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது. நான் கொண்டுபோன புளிச்சோற்றைப் பேத்தி தின்றாள், உங்கள் வீட்டுச் சோற்றை நான் தின்றேன். ரெண்டாந்தரம் வேண்டுமா என்று மகள் கேட்கவே இல்லை, அவள் பாட்டுக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். நானும் போதும் என்று சொல்லவில்லை. மாவடு அதே மாவடுதான்.

திரும்பி வந்தது பஸ்ஸில்தான், ஒளிக்காமல் சொல்கிறேன். தூக்கு நிறையக் கொழுக்கட்டை வைத்துக் கொடுத்தார் உங்கள் சம்சாரம். மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக அந்த ரெண்டு பாறையையும் பார்த்துக்கொண்டே வந்தேன். அடுத்த மாதம் இந்தத் தூக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கயிறு கெட்டியாகத்தான் இருக்கிறது. ஒரு மாற்றுச் சட்டை மட்டும் போதும்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி தூக்கை வாங்கித் திறந்து பார்த்தாள். அப்புறம் என்னை உற்றுப் பார்த்தாள்.

“அந்தப் பக்கம் வழி எப்படி? ரொம்பத் தூரமோ?”

உண்மையைச் சொல்லியிருந்தால் மறுமாதம் என்னை வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டாள். உங்கள் வழி தெரிந்திருந்தால் நானும் உங்களை வர விட்டிருக்க மாட்டேன். உங்கள் சட்டை எனக்குக் கை நீளம். ஒரு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டேன். ஒரு பொட்டு வியர்வை இல்லை.

“சரி பாதிதான்,” என்றேன்.